ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்: தட்டச்சு அசைவில் தமிழ் எழுத்து உடைகிறது, டெம்ப்ளேட்டை எப்படிக் கட்டுவது?

கீழ்ப்பட்டை எழுதியது:

வணக்கம். ஒரு செய்தித் தொலைக்காட்சியின் வரைகலைப் பிரிவில் வேலை செய்கிறேன். பேசுபவரின் பெயரும் பதவியும் திரையின் அடியில் வருமே, அந்தப் பட்டைக்கு ஒரு டெம்ப்ளேட் செய்து கொடுக்க வேண்டும். படத்தொகுப்பாளர்கள் தங்கள் தொகுப்பு மென்பொருளான பிரீமியரிலேயே பெயரை மாற்றிக்கொள்வார்கள். அசைவுகளைச் செய்யும் மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸைத் திறக்க மாட்டார்கள்.

பெயர் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்ற வேண்டும் என்று ஆசிரியர் குழு கேட்கிறது. பரவலாகப் புழங்கும் அந்த ஒரு வரி எக்ஸ்பிரஷனை (மதிப்பைக் கணக்கிட்டுத் தரும் சிறு நிரலை) போட்டேன்: கடந்த நேரத்தை வேகத்தால் பெருக்கி, அத்தனை எழுத்துகளை மட்டும் வெட்டிக் காட்டும். ஆங்கிலப் பெயர்களில் குறையே இல்லை. "மீனாட்சி" என்று போட்டால் முதலில் "ம" வருகிறது, பிறகுதான் அது "மீ" ஆகிறது. "ட்" வருவதற்கு முன் "ட" தோன்றி மறைகிறது. ஒரு சட்டகத்திற்கு, அதாவது காணொளியின் ஒரே ஒரு படத்திற்கு, மட்டுமே நிற்கும் பிழைதான், ஆனாலும் கண்ணில் உறுத்துகிறது. நேரலையில் பார்க்கும் தமிழாசிரியர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டுவார் என்றால் அவர் பக்கம்தான் நியாயம்.

இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. பெயருக்குப் பின்னால் இருக்கும் நிறப்பட்டை பெயரின் நீளத்திற்கேற்ப விரிய வேண்டும். இப்போது விரிகிறது, ஆனால் உயரமும் சேர்ந்து மாறித் துள்ளுகிறது. நீண்ட பதவிப் பெயர்கள் பட்டையைத் தாண்டி ஓடுகின்றன. யாராவது வழி சொல்லுங்கள்.

குறியெண் எழுதியது:

உங்கள் எழுத்துரு நன்றாகத்தான் இருக்கிறது. வெட்டும் இடம்தான் தவறு.

எக்ஸ்பிரஷன்கள் ஜாவாஸ்கிரிப்டில் ஓடுகின்றன. ஒரு சொல்லின் நீளம் என்ன என்று அதைக் கேட்டால், யூனிகோட் குறிகளை எண்ணிச் சொல்லும். பள்ளியில் நாம் எண்ணிய எழுத்துக் கணக்கு அதற்குத் தெரியாது. "தமிழ்" நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஐந்து. குறியெண்களைப் பதின்ம முறையில் கேட்டால் இப்படிக் கிடைக்கும்: த 2980, ம 2990, மேல்விலங்கு 3007, ழ 2996, புள்ளி 3021. உங்கள் எக்ஸ்பிரஷன் இரண்டாவது குறியோடு நிறுத்தும்போது "தம" என்று திரையில் நிற்கிறது. "மீனாட்சி"யில் நான்கு எழுத்துக்கு எட்டுக் குறிகள். அதாவது பாதிச் சட்டகங்களில் நீங்கள் தவறான எழுத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படிச் செய்யுங்கள். 3006 முதல் 3021 வரை உள்ள குறிகளும் 3031-உம் தனித்து நிற்காதவை: கால், கொம்புகள், விலங்குகள், சுழிகள், புள்ளி எல்லாம் இதற்குள் அடக்கம். எக்ஸ்பிரஷனில் ஒரு வெற்று வரிசையைத் தொடங்குங்கள். சொல்லின் முதலிலிருந்து ஒவ்வொரு குறியாக எடுத்து அதன் எண்ணைப் பாருங்கள். எண் இந்த வரம்புக்குள் விழுந்தால் வரிசையின் கடைசி உறுப்போடு ஒட்டிவிடுங்கள். விழாவிட்டால் புதிய உறுப்பாகச் சேருங்கள். கடைசியில் "மீனாட்சி" மீ, னா, ட், சி என நான்கு உறுப்புகளாக நிற்கும். வெட்டுவதை இந்த வரிசையில் செய்து, மிஞ்சியதை ஒட்டி உரைக்குக் கொடுங்கள்.

ஒட்டும் வேலையைத் தொடங்கும் முன் உரையை ஒரு முறை சீராக்கும் செயற்கூறுக்குள் (normalize) அனுப்புங்கள். "கொ" இரு வகையாகச் சேமிக்கப்பட்டிருக்கலாம்: ககரத்தை அடுத்து 3018 என்ற ஒரே குறியாகவோ, 3014, 3006 என்று கொம்பும் காலும் தனித்தனியாகவோ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சீராக்கினால் இரண்டும் முதல் வடிவத்துக்கு வந்துவிடும். இந்தச் செயற்கூறு பழைய எக்ஸ்டெண்ட்ஸ்கிரிப்ட் எஞ்சினில் கிடையாது. புராஜெக்ட் செட்டிங்ஸில் எக்ஸ்பிரஷன் பகுதிக்குப் போய் எஞ்சின் ஜாவாஸ்கிரிப்ட் என்று இருக்கிறதா பாருங்கள். சிசி 2019 பதிப்பில் அது வந்தது. பழைய கோப்பை நகலெடுத்து வேலை செய்பவர்களிடம் இன்னும் பழைய எஞ்சினே தங்கியிருக்கும்.

கீழ்ப்பட்டை எழுதியது:

மிக்க நன்றி. வரிசை முறையைச் செய்துவிட்டேன், எழுத்து உடையவில்லை. "லக்ஷ்மி" மட்டும் சரியில்லை: "க்" தோன்றுகிறது, அடுத்த கணம் அது "க்ஷ்" ஆக உருமாறுகிறது.

குறியெண் எழுதியது:

அது கூட்டெழுத்து. க், ஷ என்று இரண்டு மெய்களின் குறிகள் சேர்ந்து ஒரே வடிவமாகின்றன. பொது விதி அதைப் பிரித்துத்தான் தரும். விதிவிலக்காக ஒரு வரி சேருங்கள்: வரிசையின் கடைசி உறுப்பு "க்" ஆகவும், வரும் குறி 2999 ஆகவும் இருந்தால் ஒட்டிவிடு.

"ஸ்ரீ"க்கும் அதே போன்ற வரி வேண்டும். அதை இரண்டு முறையில் எழுதுகிறார்கள். பலர் ஸகரத்தில், அதாவது 3000-இல், தொடங்குகிறார்கள். யூனிகோடில் பின்னால் சேர்ந்த 2998 என்ற ஶகரத்தில் தொடங்குபவர்களும் உண்டு. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், அதனால் உங்கள் கண்ணை நம்பாமல் இரண்டையும் விதியில் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. "கௌ" என்பதைக் கொம்பும் ளகரமும் போட்டுக் "கெள" என்று தட்டும் பழக்கம் செய்தி அறைகளில் அதிகம். அதை எந்த எக்ஸ்பிரஷனும் கண்டுபிடித்துத் திருத்தாது, திருத்தவும் கூடாது. "கெளுத்தி" என்று ஒரு மீன் இருக்கிறது. தட்டச்சு செய்பவரிடம்தான் சொல்ல வேண்டும்.

அசைவரை எழுதியது:

குறியெண் சொன்ன முறை சரியானது. ஆனால் உரையை வெட்டிக் காட்டுவதே பெரும்பாலும் தேவையில்லை என்பது என் கருத்து. டெக்ஸ்ட் அனிமேட்டரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

உரை லேயருக்கு (உரை இருக்கும் அடுக்குக்கு) ஓர் அனிமேட்டர் சேர்த்து, ஒளிபுகாமையைச் சுழியமாக்கி, உரையின் எந்தப் பகுதி மாற வேண்டும் என்று குறிக்கும் ரேஞ்ச் செலக்டரின் தொடக்கத்தை 0-இலிருந்து 100 விழுக்காடு வரை நகர்த்துங்கள். அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்மூத்னஸ் என்ற மதிப்பை 0 ஆக்கினால் எழுத்துகள் மங்கலிலிருந்து தெளியாமல் பளிச்சென்று தோன்றும். இதில் உரை முழுதாக முதலிலேயே அடுக்கப்பட்டுவிடுகிறது, மறைந்திருப்பதுதான் வெளிப்படுகிறது. அதனால் நடுவில் சீரமைத்த உரை ஒவ்வொரு எழுத்துக்கும் இடப்பக்கம் நகராது. வெட்டும் முறையில் அந்த நகர்வைத் தவிர்க்க முடியாது, இடப்பக்கச் சீரமைப்பு ஒன்றைத் தவிர.

இதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. 22.1.1-க்கு முந்தைய பதிப்பு என்றால், பிரிஃபரன்சஸில் டைப் பகுதியில் உரை எஞ்சின் தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக இருக்க வேண்டும். மாற்றினால் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். அதற்குப் பிந்தைய பதிப்புகளில் புதிய உரை லேயர்களுக்கு அந்த எஞ்சினே இயல்பாக வருகிறது. பிறகு "கொக்கு, கௌரி, லக்ஷ்மி, ஸ்ரீரங்கம்" என்று ஒரு வரி தட்டி, அந்த அனிமேட்டரை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு சட்டகமாகப் பாருங்கள். உங்கள் எழுத்துருவில் கொம்பும் மெய்யும் காலும் சேர்ந்தே வந்தால் இந்த வழியை எடுங்கள். பிரிந்து வந்தால் குறியெண்ணின் வழி. இந்த நான்கு சொற்களைத் தாண்டிய எழுத்துரு பெரும்பாலும் எதையும் தாண்டும்.

மணற்கேணி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் பழைய கோப்புகள் அனைத்தும் யூனிகோடில் இல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அண்ணா, அவற்றிலும் இந்தக் குறியெண் முறை வேலை செய்யுமா?

குறியெண் எழுதியது:

செய்யாது, தம்பி. பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறிகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியிருக்கிறது. அதில் "கொ" மூன்று தட்டு: கொம்பு, ககரம், கால், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. வெட்டினால் முதலில் வெறும் கொம்பு வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அதோடு மாற்றுத் தரமாக ஏற்ற டேஸ்16 குறிமுறையில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் ஒரே குறிதான், அங்கே இந்தச் சிக்கலே எழாது. ஆனால் செய்தி அறைக்கு உரை வந்து சேரும் வழிகள் எல்லாமே யூனிகோடில் இருக்கின்றன, அதனால் அந்த வசதி நமக்குப் பயன்படுவதில்லை.

வண்ணத்தறி எழுதியது:

எழுத்து எழுத்தாக வர வேண்டும் என்று யார் விதித்தது? பெயரை மக்கள் சொல்லாகப் படிக்கிறார்கள். தமிழில் சொல் நீளம். "நாடாளுமன்றத்திற்குள்ளேயே" என்பது ஒரே சொல். அதை எழுத்தெழுத்தாகக் காட்டினால் பார்ப்பவர் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ரேஞ்ச் செலக்டரில் அடிப்படையைச் சொல் என்று மாற்றிவிட்டால் எந்த எழுத்துரு ஆனாலும் அசைவின் நடுவில் எழுத்து உடையாது. ஒவ்வொரு சொல்லும் கீழிருந்து சற்றே எழும்பி நிற்கட்டும். ஆசிரியர் குழு கேட்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் செய்துகொடுக்க வேண்டியதில்லை. செய்து காட்டி மறுத்துப் பேசலாம்.

கீழ்ப்பட்டை எழுதியது:

> எழுத்து எழுத்தாக வர வேண்டும் என்று யார் விதித்தது?

நீண்ட தலைப்புகளுக்கு நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். பெயருக்கு மட்டும் எழுத்தெழுத்தாக வரட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். எங்கள் ஒளிபரப்பு நொடிக்கு 25 சட்டகங்கள். எழுத்துக்கு இரண்டு சட்டகம் என்றால் பத்தெழுத்துப் பெயர் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது. யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பதவிக்கு நீங்கள் சொன்ன சொல் அடிப்படையையே வைத்துக்கொள்கிறேன்.

திரைத்தச்சன் எழுதியது:

பட்டை துள்ளும் பிரச்சினைக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

பட்டையின் அகலத்தையும் உயரத்தையும் நீங்கள் சோர்ஸ் ரெக்ட் அட் டைம் செயற்கூறில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது உரையில் மை படும் பகுதியை அளக்கிறது. வரி உயரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை. "படம்" என்று எழுதினால் மேலே புள்ளி மட்டும்தான் எழும். "கூடு" என்று எழுதினால் ஊகாரச் சுழி அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. "நீதி" என்றால் விலங்கு மேலே வளைகிறது. ஆங்கிலத்தைவிடத் தமிழில் இந்த ஏற்ற இறக்கம் மிகுதி, அதனால்தான் வெளிநாட்டு டெம்ப்ளேட்டுகளில் நாம் இதை அதிகமாகச் சந்திக்கிறோம்.

அகலத்தை மட்டும் உண்மையான உரையிலிருந்து எடுங்கள். உயரத்துக்கு ஒரு தனி உரை லேயர் வைத்து, அதே எழுத்துரு, அதே அளவில் "நீகூ" என்று தட்டி, அந்த லேயரின் கண் குறியை அணைத்து மறைத்துவிடுங்கள். மறைந்த லேயரையும் எக்ஸ்பிரஷன் அளக்கும். மேலே போகக்கூடியதும் கீழே இறங்கக்கூடியதும் அந்த இரண்டெழுத்தில் அடங்கிவிடுகின்றன. பட்டையின் உயரமும் மேல் விளிம்பும் எப்போதும் அதிலிருந்தே வரும். பெயர் மாறினாலும் பட்டை அசையாது.

அகலத்திலும் ஒன்று கவனியுங்கள். வெட்டும் எக்ஸ்பிரஷன் உள்ள லேயரை அளந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் பட்டை ஒவ்வொரு அடியாக வளரும். சிலருக்கு அது பிடிக்கும். பட்டை முதலிலேயே முழு அகலத்துக்கு விரிந்து அதன் மேல் எழுத்துகள் வர வேண்டுமென்றால், முழுப் பெயரும் உள்ள மறைந்த லேயர் ஒன்றை வைத்து அதை அளக்க வேண்டும். டெம்ப்ளேட்டில் எதை மாற்றலாம் என்று வைக்கும் எசென்ஷியல் கிராபிக்ஸ் பலகத்தில் தொகுப்பாளருக்குத் திறந்துவிடும் உரை அந்த மறைந்த லேயருடையதாக இருக்கட்டும். வெட்டும் லேயர் அதிலிருந்து உரையை வாங்கிக்கொள்ளும்.

இப்போது நீண்ட பதவிப் பெயர். அனுமதித்த அகலம் 1240 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மறைந்த லேயரில் உரை 1550 பிக்சல் அளந்தால், 1240-ஐ 1550-ஆல் வகுத்தால் 0.8. ஸ்கேலில் 100-க்கும் இந்த 80-க்கும் எது சிறியதோ அதை எடு என்று எழுதுங்கள். குட்டைப் பெயர்கள் 100-இலேயே நிற்கும், நீண்டவை மட்டும் சுருங்கும். எனக்கு 75-க்குக் கீழே போவதில் உடன்பாடில்லை. அதற்கும் கீழே சுருங்கும் பதவியைத் தொகுப்பாளர் இரண்டு வரியாக உடைத்தாக வேண்டும். ஒரு சிவப்புக் கோடு வெளிப்படையாகத் தெரியும்படி வைத்து, 75-க்குக் கீழே போனால் அது தோன்றுமாறு ஒளிபுகாமையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். தொகுப்பாளர் பார்த்ததும் உரையைச் சுருக்குவார், கோடு மறைந்துவிடும்.

அசைவரை எழுதியது:

திரைத்தச்சன் சொன்ன சிவப்புக் கோடு அருமையான யோசனை. ஆனால் அது இறுதி ஒளிபரப்பில் வந்துவிடாதபடி ஒரு செக்பாக்ஸும் சேருங்கள். எச்சரிக்கையை அணைக்கும் வழி தொகுப்பாளரிடம் இருக்க வேண்டும்.

டெம்ப்ளேட்டாக ஏற்றுமதி செய்யும்போது மூன்று சங்கதிகள். எழுத்துரு டெம்ப்ளேட் கோப்புக்குள் போகாது. ஒவ்வொரு தொகுப்புக் கணினியிலும் தனியே நிறுவ வேண்டும். உரிமச் சிக்கல் வராமலிருக்க நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை எடுத்தால் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். அடுத்து, பிரீமியரிலும் கிராபிக்ஸ் பிரிஃபரன்சஸில் உரை எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றியிருக்க வேண்டும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் சரியாக இருந்தது அங்கே போனதும் கொம்பு இடம் மாறி நிற்கிறது என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது, நேரம். பட்டை வரும் அசைவு, போகும் அசைவு இரண்டையும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாகக் குறித்துவிடுங்கள். தொகுப்பாளர் பட்டையை ஐந்து நொடிக்கு இழுத்தாலும் இருபது நொடிக்கு இழுத்தாலும் நடுப்பகுதி மட்டுமே நீளும். வருவதும் போவதும் அதே வேகத்தில் இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் இருபது நொடிப் பட்டையில் பெயர் ஊர்ந்து ஊர்ந்து வரும்.

மணற்கேணி எழுதியது:

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். பாடல் வரிக் காணொளிகளில் எழுத்து கையால் எழுதப்படுவதுபோல் வருகிறதே, அதைத் தமிழில் எப்படிச் செய்கிறார்கள்? உரையை வடிவமாக மாற்றி, கோட்டைச் சிறிது சிறிதாக ஓடவிடும் டிரிம் பாத்ஸ் போட்டால் எழுத்தின் வெளிக்கோடுதான் ஓடுகிறது, நடுவில் பேனா போனதுபோல் இல்லை.

வண்ணத்தறி எழுதியது:

இதைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை.

எழுத்துருவில் இருப்பது எழுத்தின் எல்லைக்கோடு. பேனா நடந்த பாதை அதில் இல்லை. ஆகவே அந்தப் பாதையை நீங்களே வரைய வேண்டும். ஒரு வடிவ லேயரில் பென் கருவியால் ஒவ்வொரு எழுத்தின் நடுவே கை போகும் வழியில் கோடு இழுங்கள். கோட்டின் தடிமன் எழுத்தின் மிகத் தடித்த இடத்தை மூடும் அளவுக்கு இருக்கட்டும். அதற்கு டிரிம் பாத்ஸ் போட்டு, முடிவை 0-இலிருந்து 100 வரை நகர்த்தி, அந்த லேயரை உரைக்கு மேட்டாக (எந்த இடம் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் அடுக்காக) கொடுங்கள். கோடு நடந்த இடத்தில் மட்டும் எழுத்து வெளிப்படும். 2022 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து எந்த லேயரையும் மேட்டாகத் தேர்ந்தெடுக்கலாம். மேட் லேயர் நேர் மேலே இருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் போய்விட்டது. ஒரே பாதையை உரைக்கும் அதன் நிழலுக்கும் பொதுவாகக் கொடுக்க முடிவது பெரிய நிம்மதி.

இப்போது தமிழுக்கே உரிய இடம். "கொ" என்பதைத் தட்டும்போது யூனிகோடில் ககரம்தான் முதல். கையால் எழுதும்போது கொம்புதான் முதல், பிறகு ககரம், பிறகு கால். ஆகவே குறியெண் மேலே சொன்ன வரிசையை இங்கே கொண்டுவந்தால் எழுத்து தவறான ஒழுங்கில் வரையப்படும். தட்டச்சு அசைவில் "கொ" மூன்று பகுதியும் ஒரே கணத்தில் வர வேண்டும். கையெழுத்து அசைவில் கொம்பு, மெய், கால் என்று இடமிருந்து வலமாக வர வேண்டும். புள்ளி கடைசி. விலங்கு மெய்யெழுத்தை முடித்த கையை எடுக்காமல் தொடரும், அதனால் "மி"யை ஒரே பாதையாக வரையலாம். "மீ"யின் சுழியும் அந்தப் பாதையிலேயே சேர்ந்துவிடும். கொம்புக்கும் காலுக்கும் தனிப் பாதைகள் வேண்டும்.

"ண", "ன", "ந", "ழ", "ஞ" ஆகியவற்றில் பாதை தன்னைத் தானே வெட்டிக்கொண்டு போகும். தடித்த கோடு அடுத்த வளைவையும் சேர்த்து வெளிக்காட்டிவிடும், அதாவது "ண"வின் முதல் சுழி போடும்போதே இரண்டாவது சுழியின் துண்டு தலைகாட்டும். அந்த எழுத்துகளில் பாதையை இரண்டாகவோ மூன்றாகவோ உடைத்து, எழுத்தையும் முகமூடியால் அதே இடங்களில் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தன் பாதையை மட்டும் கொடுங்கள். வேலை அதிகம்தான். ஒரு முறை எல்லா எழுத்துக்கும் செய்து வைத்துக்கொண்டால் பல பாடல்களுக்கு வரும். ஆனால் ஓர் எழுத்துருவுக்குச் செய்தது இன்னொன்றுக்கு ஒத்து வராது. எழுத்துருவை முதலில் முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேகத்தையும் ஒரே சீராக விடாதீர்கள். கை வளைவில் மெதுவாகும், நேர்கோட்டில் விரையும், அடுத்த எழுத்துக்குத் தாவும்போது சற்று நிற்கும். கிராஃப் எடிட்டரில் வேக வரைபடத்தைத் திறந்து, வளைவு வரும் இடங்களில் கோட்டைத் தாழ்த்துங்கள்.

மணற்கேணி எழுதியது:

வண்ணத்தறி அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. இதே வேலையைப் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்யலாமா? எங்களுக்குச் சந்தா கட்டுவது கடினம்.

திரைத்தச்சன் எழுதியது:

அசைவுகளுக்குப் பிளெண்டர் தாராளமாகப் போதும். ஜியாமெட்ரி நோட்ஸ் 2.92 பதிப்பில் வந்தது முதல் விதி அடிப்படையிலான அசைவுகளுக்கு அது வலுவான கருவி. தமிழ் உரைதான் இடர். நான் வைத்திருக்கும் பதிப்பின் உரைப் பொருளில் கொம்பு ககரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டினால் தமிழ் சரியாக வரும். அங்கேயே உரையைப் பாதைகளாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, பிளெண்டரில் இறக்குங்கள். கொம்பும் மெய்யும் காலும் வேறு வேறு வளைவுகளாக வந்து சேரும். எழுத்து வாரியாக அவற்றை நீங்களே குழுவாக்கிவிட்டு அசைவைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருப்பதால் தினசரிச் செய்திக்கு இந்த வழி ஒத்து வராது, தலைப்புக் காட்சிக்கு ஒத்து வரும்.

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் ஃபியூஷன் இருக்கிறது. அதன் டெக்ஸ்ட் பிளஸ் நோடில் ஃபாலோயர் என்ற மாடிஃபையர் ரேஞ்ச் செலக்டரின் வேலையைச் செய்கிறது: ஓர் அசைவைக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் சற்றுத் தாமதமாக அதைப் பின்தொடரும். அசைவரை சொன்ன அந்த நான்கு சொல் சோதனையை அங்கும் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுக்குமுறை எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். ஒன்று சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் 1993-இல் பிராவிடன்ஸ் நகரத்தில் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்ட மென்பொருள். பிறகு ஆல்டஸ் நிறுவனத்தின் கைக்கும், 1994-இல் அடோபியிடமும் போனது. 2019-இல் அமெரிக்கத் திரைப்பட அகாதெமி அதை உருவாக்கியவர்களுக்கு அறிவியல் தொழில்நுட்ப விருது கொடுத்தது. அதே ஆண்டு சினிமா 4டி என்ற முப்பரிமாண மென்பொருளின் மோகிராஃப் கருவித்தொகுதிக்கும் அந்த விருது கிடைத்தது. மோகிராஃபின் அடிப்படை என்ன? நூறு பொருள்களுக்கு நூறு கீபிரேம் (இந்த நேரத்தில் இந்த நிலை என்ற குறி) வைக்காமல், ஒரு விதியை வைத்து நூறையும் அசைப்பது. நீங்கள் இங்கே பேசிக்கொண்டிருக்கும் அனிமேட்டர், எக்ஸ்பிரஷன், மறைந்த அளவு லேயர் எல்லாம் அதே சிந்தனைதான். மென்பொருளில் உயர்நிலை வசதி என்று நான் கருதுவது இதைத்தான். பளபளப்பான எஃபெக்ட்டுகளை யார் வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம்.

ஆனால் அந்த விதிகள் எல்லாம் "எழுத்து" என்பதை ஆங்கிலக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. கொம்பு எங்கே நிற்கும், புள்ளி எப்போது வரும் என்பதை அறிந்தவர்கள் நாம்தான். அதனால் இப்படி எழுதிய எக்ஸ்பிரஷனை அவரவர் கணினியில் பூட்டி வைக்காமல் பகிருங்கள். ஒவ்வொரு தொலைக்காட்சியிலும் ஒருவர் தனியே உட்கார்ந்து 3021-ஐக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பது வீண் உழைப்பு.

வேகம் பற்றியும் ஒரு சொல். 2021 அக்டோபர் பதிப்பில் பல சட்டகங்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்யும், அதாவது கணக்கிட்டுப் படமாக்கும், வசதி திரும்ப வந்தது, 2015-இல் எடுத்திருந்தார்கள். செயலியின் ஒவ்வொரு கருவும் வேறு வேறு சட்டகத்தைச் செய்வதால் நினைவகம் கூடுதலாக வேண்டும். அதோடு காம்போசிஷன் புரொஃபைலரும் வந்தது: டைம்லைனில் ரெண்டர் நேர நெடுவரிசையைத் திறந்தால் எந்த லேயர், எந்த எஃபெக்ட் எத்தனை மில்லி வினாடி எடுக்கிறது என்று தெரியும். டெம்ப்ளேட்டைத் தொகுப்பாளர்களிடம் கொடுக்கும் முன் அதைத் திறந்து பாருங்கள். எழுத்தைப் பிரிக்கும் எக்ஸ்பிரஷன் ஒவ்வொரு சட்டகத்திலும் ஓடுகிறது. ஆனாலும் பெயர் நீளத்துக்கு அது ஒரு சுமையே இல்லை. சுமை பெரும்பாலும் நிழலிலும் மங்கலாக்கத்திலும் இருக்கும்.

குறியெண் எழுதியது:

அடுக்குமுறை ஐயா சொன்னதற்காக: என்னுடைய எக்ஸ்பிரஷனைக் கூட்டெழுத்து விதிகளோடு சேர்த்து, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி இங்கே இணைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறேன். வேகமும் தொடக்க நேரமும் ஸ்லைடர்களாக வெளியே இருக்கின்றன, உள்ளே கைவைக்கத் தேவையில்லை.

கீழ்ப்பட்டை எழுதியது:

இணைப்பைப் போட்டுப் பார்த்தேன். லக்ஷ்மி, ஸ்ரீதர், கௌசல்யா மூன்றும் சரியாக வருகின்றன. பட்டையின் உயரத்துக்கு "நீகூ" வைத்தேன், துள்ளல் நின்றுவிட்டது. 80 விழுக்காட்டுக்குச் சுருங்கும் பதவிப் பெயரும் படிக்கும்படி இருக்கிறது. சிவப்புக் கோட்டை எழுபத்தைந்திலேயே வைத்திருக்கிறேன்.

தேர்தல் முடிவு நாளுக்கு அடுத்த வேலை தொடங்குகிறது. தொகுதிப் பெயர், வேட்பாளர், வாக்கு வித்தியாசம் எல்லாம் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக வரும். தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். 234 காம்போசிஷன் (லேயர்கள் சேர்ந்த காட்சி) செய்யப் போவதில்லை, ஒரே காம்போசிஷனை எசென்ஷியல் பிராப்பர்டீஸ் வழியே வரிசை எண்ணை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்று திட்டம். கோப்பை ஃபுட்டேஜாக இறக்கி எக்ஸ்பிரஷனிலிருந்து வாசிக்கிறேன். எக்செல் மென்பொருளில் சேமித்த சில கோப்புகளில் தமிழ் கேள்விக்குறிகளாக வருகிறது.

குறியெண் எழுதியது:

சேமிக்கும்போது சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தனியாக ஒரு வகை பட்டியலில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சாதாரண சிஎஸ்வி வகையில் தமிழ்க் குறிகள் சேமிக்கும்போதே தொலைந்துவிடுகின்றன, பிறகு மீட்க முடியாது. யுடிஎஃப்-8 வகையில் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி சேர்ந்துகொள்ளும்; அதனால் முதல் நெடுவரிசையின் தலைப்பு பொருந்தவில்லை என்று பிழை வந்தால் பதறாதீர்கள். நெடுவரிசையைப் பெயரால் அழைக்காமல் எண்ணால் அழையுங்கள்.

தேர்தலுக்குத் தனி இழை தொடங்குங்கள். வாக்கு எண்ணிக்கை ஓடும் இலக்கங்கள், இந்திய முறையில் இலட்சத்துக்குக் காற்புள்ளி போடுவது என்று அங்கே பேச நிறைய இருக்கிறது.